நகரும் காலனியும்: தூரத்தைப் பற்றி ஒரு பேச்சு



இந்த நினைவுச் சொற்பொழிவில் பெரும்பாலும் நிலத்தைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் நூலைப் பற்றிப் பேசுவார்கள். என்ன தலைப்பு என்று அமைப்பாளர்கள் என்னைக் கேட்டபோது, "நான் குடியிருக்கிற தெரு" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அய்யா இருந்திருந்தால் நினைத்திருக்க மாட்டார். எந்த ஊருக்குப் போனாலும், யாருடைய தெருவிலிருந்து யாருடைய தெருவுக்கு எத்தனை தப்படி என்று கேட்கிறவர் அவர். சைக்கிளை விட்டு இறங்காமல் கேட்பார்.

முப்பத்து மூன்று ஆண்டு அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், கையில் வந்த பணத்தில் அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். குடிபோய் ஆறு ஆண்டு ஆகிறது. அந்த நகரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. பெயரைச் சொல்லி மற்றவர்களைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் மட்டும் மேடையில் நிற்பது சரியாக இருக்காது.

திருவண்ணாமலைக்கு வந்தவர்களுக்கு அடி அண்ணாமலையைத் தெரிந்திருக்கும். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். பெரிய கோயிலில் கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று ஒவ்வொரு திக்காகக் கும்பிட்டுக்கொண்டு பாதி தூரம் வந்தால், மலைக்கு மேற்கே ஆதி அருணாசலேசுவரர் கோயிலோடு இருக்கிற ஊர் அது. டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே சூரியன் டவுனுக்கு முதலில் வரும், மலையைத் தாண்டி எங்களுக்குப் பிறகுதான் வரும். டவுனில் வெயில் ஏறியிருக்கும்போது எங்கள் வாசலில் இன்னும் நிழல் கிடக்கும். விளம்பர நோட்டீசில் இதையும் ஒரு சிறப்பாகப் போட்டிருந்தார்கள்.

இருபது முப்பது ஆண்டுகளில் இந்தப் பக்கம் முழுக்க மாறிவிட்டது. ரமணாசிரமத்தைச் சுற்றி வாடகைக்கு இருந்த வெளிநாட்டாரும் வெளிமாநிலத்தாரும் கொஞ்சம் கொஞ்சமாக மலையைச் சுற்றி மேற்கே நகர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சென்னை, பெங்களூர்ப் பணம் வந்தது. மல்லாட்டையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் கல் நட்டார்கள். நகர், கார்டன், என்கிளேவ் என்று வளைவுகள் முளைத்தன. எல்லா விளம்பரத்திலும் கட்டாயம் ஒரு சொல் இருக்கும்: அமைதி. மலை தெரியும், அமைதியான சூழல், முப்பது அடி சாலை. கடை எங்கே, பள்ளி எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று எந்த விளம்பரத்திலும் பார்த்த நினைவில்லை.

அந்த அமைதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் பிறந்தது காலனியில், பத்துக்குப் பத்து ஓட்டு வீட்டில். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நாங்கள் முழித்துக்கொள்வோம். படிப்பதற்குச் சத்தமில்லாத இடம் தேடி ஏரிக்கரைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் போன தலைமுறை நாங்கள். அப்படிப்பட்டவனுக்கு விடியற்காலையில் மயில் அகவுவதைத் தவிர வேறு சத்தமில்லாத வீடு கிடைத்தால் எப்படி இருக்கும்! முதல் மாதம் ராத்திரியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மலை இருட்டாக எதிரே நிற்கும். இது எனக்கும் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது மாதத்தில்தான் பெட்ரோல் கணக்குக் கண்ணில் பட்டது.

எங்கள் வீட்டிலிருந்து மளிகைக்கடை ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ஐந்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வேண்டுமென்றால் வண்டியை எடுக்க வேண்டும். மருந்துக்கடை அதற்கும் அப்பால். வங்கி, ரத்தப் பரிசோதனை, செருப்புத் தைக்கிறவர் எல்லாவற்றுக்கும் டவுன், அதாவது ஆறேழு கிலோமீட்டர். டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும், உள்ளே வராது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் நடந்தால் ஒரு மரம் இல்லை, ஒரு திண்ணை இல்லை, ஒரு டீக்கடை பெஞ்சு இல்லை. சித்திரை வெயிலில் அந்த ஒரு கிலோமீட்டரை நடந்து பார்த்தவன் மறுநாளே கார் ஷோரூமுக்குப் போவான். நானும் போனேன். மாதாமாதம் தவணை கட்டுகிறேன். வீட்டை வாங்கினேன், வீடு என்னைக் கார் வாங்க வைத்தது.

என் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டவுனில் வாடகைக்கு இருந்தவரை ரேஷன் கடை, பூக்கடை, தையற்கடை, தெரிந்தவர் வீடு என்று ஒரு நாளைக்கு நான்கு தரம் தெருவில் இறங்கிவிட்டு வருவார். இங்கே வந்தபின் எதற்கும் நான் கிளம்புகிற நேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா" என்று கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் காசில்லை. பக்கத்துக் காலனிப் பெண்கள் அந்தப் பஸ்சில் ஏறி டவுனுக்குப் போய் வருகிறார்கள். இரண்டு மாடி வீட்டில் இருக்கிற என் மனைவியால் அந்தப் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

என் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தேன். தனி அறை, உள்ளேயே கழிப்பறை, மின்விசிறி, ஜன்னலைத் திறந்தால் மலை. பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னாடா இது, மனுச சத்தமே இல்ல. செத்தாக்கூட யாருக்கும் தெரியாது போல. என்னை இட்டுனு போய் உட்டுடு."

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் நகரின் அமைதி பாதிக்கு மேல் காலி வீடுகளின் அமைதி. தீபத்துக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் அவை. மீதி வீடுகளில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் காரை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள்: வெள்ளை ஸ்விஃப்ட் வீடு, சிவப்பு டஸ்டர் வீடு. மூன்றாம் வீட்டுக்காரரின் பெயர் தெரிய எனக்கு ஓராண்டு ஆனது. ஆனால் குடிவந்த ஒரு மாதத்துக்குள் என் சாதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "சாருக்குச் சொந்த ஊரு எது, அங்க எந்தப் பக்கம்?" எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. நம் ஊர்களில் திசையைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும்.

தூரத்தில் வைப்பது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதே ஒரு புறநகர்த் திட்டம்தான், வரைபடமில்லாத திட்டம். பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' நூலைப் படித்தவர்களுக்கு அந்த ஊர் எப்படி அமைந்திருந்தது என்று நினைவிருக்கும். தபாலாபீஸ், பஞ்சாயத்து அலுவலகம், பால் டிப்போ, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மற்றவர்கள் தெருக்களில். நம் தெருவில் நம் வீடுகள் மட்டும். எதற்கும் அடுத்தவன் தெருவுக்குப் போக வேண்டும், போவதற்கு நமக்கு வண்டியில்லை, சில தெருக்களில் செருப்பும் போடக் கூடாது. எங்கள் நகரின் வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அதே அமைப்புதான்: கடையில்லை, தபாலாபீஸ் இல்லை, வெறும் வீடுகள். ஒரே வேறுபாடு, இங்கே இருக்கிறவர்கள் இதற்காகப் பணம் கொடுத்திருக்கிறார்கள், எல்லோரிடமும் கார் இருக்கிறது.

கார் என்பதற்கு நம் வரலாற்றில் என்ன பொருள் என்று அண்ணல் அம்பேத்கரிடமிருந்தே பார்க்கலாம். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று நாம் தமிழில் சொல்கிற அவருடைய நினைவுக் குறிப்பைச் சாதிக் கொடுமைப் பட்டியலாக மட்டும் நாம் படிக்கிறோம். அதில் இரண்டு இடங்கள் வண்டியைப் பற்றியவை. 1901இல் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளை எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்பது நிபந்தனை. 1929இல் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில், பாரிஸ்டர் ஆகிவிட்ட அம்பேத்கரை மகர்வாடாவுக்கு அழைத்துப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் ஓட்ட வரவில்லை. விருந்தாளியை நடக்கவிடுவது மரியாதையில்லை என்று நினைத்த நம் ஆட்கள், வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் குதிரை மிரண்டது. அண்ணல் கல்லில் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. ஆகவே ஒரு தலித் முதல் கார் வாங்கித் தெருவில் நிறுத்துவதை ஆடம்பரம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நமக்கு அந்தச் சாவி லேசாகக் கிடைத்ததல்ல.

பேருந்தும் அப்படித்தான். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்சில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. அதனால்தான் இன்று பஸ்சில் வெறுமனே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றிருக்கிறது. இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் ஊருக்குள் பஸ் நிற்காததுதான் கதை. நிற்காத பஸ் நமக்குப் பிரச்சினை. எங்கள் நகர்க்காரர்களுக்கோ பஸ் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது பிரச்சினை. மினி பஸ்சுக்கு மனு போடலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "வேண்டாம் சார், கண்டவங்களும் வருவாங்க" என்றார் ஒருவர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று என் தோளைத் தொட்டு வேறு சொன்னார்.

இந்தக் கார் வாழ்க்கை உலகத்துக்கே போனது அமெரிக்காவிலிருந்து. அங்கே அது எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, 1947இல் நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரே அச்சில் வார்த்த 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். குறைந்த முன்பணம், அரசின் கடன் உத்தரவாதம், புல்தரை, கார் நிறுத்த இடம். வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று அதன் தொடக்கக் குத்தகைப் பத்திரத்திலேயே அச்சடித்திருந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 1957இல் பென்சில்வேனியா லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனபோது நூற்றுக்கணக்கானவர் கூடிக் கல்லெறிந்தார்கள். அதற்கும் முன்னால், 1941இல் டெட்ராய்ட் நகரில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அரை மைல் நீளம், ஆறடி உயரம். ஒரு பக்கம் கறுப்பினத்தார் வீடுகள். மறுபக்கம் வெள்ளையருக்குப் புதுக் குடியிருப்பு கட்ட வந்தவருக்கு, கறுப்பினத்தார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. சுவரைக் கட்டினார், உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, சித்திரம் வரைந்திருக்கிறார்கள்.

உத்தப்புரம் சுவர் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. 1989இல் எழுப்பியதை 2008 மே 6 அன்று, ஒரு பகுதியை மட்டும், அரசே இடித்தது. ஆனால் எனக்கு அதைவிட அடிக்கடி நினைவுக்கு வருவது மேட்டுப்பாளையம் நடூர். அங்கே நின்றதை யாரும் தீண்டாமைச் சுவர் என்று பெயர் சொல்லிக் கட்டவில்லை. வசதியான ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் அது கீழே இருந்த அருந்ததியர் வீடுகள்மேல் சரிந்தது. பதினேழு பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். தனக்கு அமைதி வேண்டுமென்று எழுப்புகிற உயரமான சுவருக்கு மறுபக்கம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் நகரில் வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் முதலில் காம்பவுண்டைத்தான் கட்டுகிறார்கள். நானும் கட்டினேன், ஏழடி.

டவுனுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில், வாங்க முடிகிற விலையில் இடம் வேண்டுமென்றால் ஏழைகளுக்கு மிஞ்சுவது மலைச்சரிவும் ஏரிக்கரையும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், இதே திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். இப்படிச் சரிவிலும் கரையிலும் இருப்பவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு போய் வைக்கிற இடம் எது? சென்னையில் அது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவக்கரையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர். அதுவும் புறநகர்தான், அங்கேயும் டவுன் தூரம்தான். கார் மட்டும் இல்லை. வீட்டு வேலைக்கும் மீன்கடைக்கும் மூட்டை தூக்கவும் நடந்து போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் தூரத்தைக் கொடுத்துவிட்டு வாகனத்தைக் கொடுக்கவில்லை. ஒரே தூரம், எங்கள் நகரில் சதுர அடிக்கு விலையை ஏற்றுகிறது, பெரும்பாக்கத்தில் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கிறது.

இனி எங்கள் கேட்டுக்கு வருகிறேன்.

எங்கள் நகருக்கு வடக்கே வயலைத் தாண்டி ஒரு காலனி இருக்கிறது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர, நகர் வருவதற்கு வெகு காலம் முன்பே ஓர் ஒற்றையடிப்பாதை உண்டு. மனை போட்டபோது அந்தப் பாதை எங்கள் இரண்டாவது குறுக்குத் தெருவாக மாறியது. காலனிக்காரர்கள் வழக்கம்போல அதில் போனார்கள்: பஸ்சுக்குப் போகிற பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், எங்கள் வீடுகளிலேயே பாத்திரம் தேய்க்க வருகிற பெண்கள். மூன்று ஆண்டுக்கு முன் ஒரு வீட்டில் மோட்டார் திருட்டுப் போனது. வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் பேச்சு. கேட் போடுவது, செக்யூரிட்டி வைப்பது, இரண்டு பக்கமும் கேமரா. ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் மூடுவார்கள் என்று எழுதியிருந்தது. போடாவிட்டால் "ஓகோ, அவங்க ஆளுங்க, அதான்" என்று சொல்வார்களே என்ற கூச்சமும் இருந்தது. உண்மையைச் சொன்னால், திருட்டுப் பயத்தைவிட அந்தக் கூச்சம்தான் பெரிது.

வடக்குக் கேட் ஒன்பது மணிக்கு மூடியது இரண்டே மாதம். பிறகு ஆறு மணி. பிறகு சாவி எங்கே என்றே தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மா ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். ஏம்மா என்று கேட்டேன். "கேட்ட மூடிட்டாங்க சார். ஏரிப்பக்கமா சுத்திக்கினு வர்றேன். தெற்கு வாசல்ல நோட்டுல கையெழுத்துப் போடணுமாம், யார் வூட்டுக்குன்னு கேக்குறாங்க. உங்க பேர சொன்னேன்." என் பேரைச் சொல்லித்தான் அவர் தன் தாத்தா நடந்த பாதையில் நுழைய வேண்டியிருந்தது. கேட்டில் என் கையெழுத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்குமோ என்னவோ, கேட்கவில்லை.

அதே மாதம் காலனியில் ஒரு சாவு. பறை ராத்திரி முழுக்க அடித்தது. எங்கள் குழுவில் செய்திமேல் செய்தி: ஒலி மாசு, போலீசுக்குச் சொல்லலாமா, நாம் இங்கே வந்ததே நிம்மதிக்காகத்தானே. மார்கழி முழுக்க விடியற்காலை நான்கரைக்கு ஒலிபெருக்கி அலறியபோது ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அமைதி என்பது சத்தத்தின் அளவைக் குறிப்பதல்ல, யாருடைய சத்தம் என்பதைக் குறிக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இறந்தவர் என் வயதுக்காரர். நான் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பிறகு ஒரு நாள் மனைப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். நம் ஆட்களில் மனை வாங்குகிறவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள், இதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புத் துறையிடம் அனுமதி வாங்கி மனைப்பிரிவு போட வேண்டுமானால், உள்ளே இருக்கிற சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கென்றும் அப்படியே எழுதித்தர வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, எல்லோரும் அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அனுமதி இருந்தால் சாலை ஊராட்சியுடையது என்பதை யாரும் யோசிப்பதில்லை. நம் மனைக்கு நாம் பட்டா வாங்கியிருக்கிறோம், தெருவுக்கு வாங்கவில்லை. ஊராட்சிக்குச் சொந்தமான சாலையை அடைப்பதற்குக் குடியிருப்போர் சங்கத்துக்கு உரிமை கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு எங்கள் நகரின் தானப் பத்திர நகலை வாங்கினேன். இரண்டாவது குறுக்குத் தெரு அதில் இருந்தது. நீளம், அகலம் எல்லாம் தெளிவாக இருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர் உள்பட எவரும் போகலாம், வரலாம், யாரும் தடுக்கக் கூடாது என்பது தீர்மானம். அது நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. வைக்கம் எல்லோருக்கும் தெரிகிறது, சீனிவாசனின் தீர்மானம் நமக்கே மறந்துபோகிறது. நூறாண்டு கடந்துவிட்டது. அன்று சாதியின் பெயரால் தெருவை மூடினார்கள். இன்று பாதுகாப்பின் பெயரால் மூடுகிறார்கள், நாமும் கையெழுத்துப் போடுகிறோம்.

பத்திர நகலைச் சங்கக் கூட்டத்தில் வைத்தேன். "சார், நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். ஆமாம் என்றேன். "இப்போ மட்டும் ஏன்?" என்றார்கள். அதற்கு நீளமாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். ஒரு நன்மை, தொலைபேசி அமைதியாகிவிட்டது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வாகனங்களை விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடுவார்கள், லட்சக்கணக்கானவர் வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் நடப்பார்கள். உலகமே நடப்பதற்காகத் தேடி வருகிற பாதையின் ஓரத்தில், நடக்க முடியாத ஒரு நகரைக் கட்டி வைத்திருக்கிறோம். அன்று எங்கள் கார்கள் எல்லாம் ஷெட்டில் கிடக்கும். பால் வண்டி வராது, கேஸ் வராது, தண்ணீர் லாரி வராது. டயாலிசிசுக்குப் போகிற ஒரு பெரியவர் முந்தின நாளே டவுனில் போய்த் தங்குவார். ஆனால் காலனியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் மட்டும் அன்றும் வருவார்கள், நடந்து. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கொமரியில் 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் கறுப்பினத்தார் பஸ்சைப் புறக்கணித்தபோது, நடந்தே வேலைக்குப் போன பெண்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் அதிகம் சொல்லாத ஒரு செய்தி, பல வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் தங்கள் காரில் போய் வேலைக்காரப் பெண்களை அழைத்து வந்தார்கள் என்பது. அப்படிச் செய்யாதீர்கள் என்று நகர மேயரே கேட்டுக்கொண்டும் பலர் நிறுத்தவில்லை. பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமே. எங்கள் நகரில் வடக்குக் கேட் மூடிய பின்னும் ஒரு வீடுகூடத் தன் காரைக் காலனிக்கு அனுப்பவில்லை. அவர்கள் சுற்றிக்கொண்டாவது வந்துவிடுவார்கள் என்று தெரியும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் இலக்கியத்தில் சேரி இருக்கிறது, ஊர் இருக்கிறது, விடுதி இருக்கிறது, அலுவலகமும் கொஞ்சம் இருக்கிறது. நகரில் மனை வாங்கிக் குடிபோன நம் ஆள் எங்கே? 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேர் நாம். அதில் என்னைப் போல ஓய்வூதியமும் காரும் உள்ளவர்கள் சிலர் வந்துவிட்டோம். காம்பவுண்டுக்கு உள்ளே உட்கார்ந்து பறைச் சத்தம் கேட்டும் எழுந்து போகாத அந்த ஆளை யாராவது எழுதுங்கள். தயவு பார்க்காமல் எழுதுங்கள்.

வடக்குக் கேட் இன்றைக்கும் மூடித்தான் இருக்கிறது. காலனியில் நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்ட மனுவோடு தானப் பத்திர நகலையும் சேர்த்து ஊராட்சியில் கொடுத்திருக்கிறோம். நாற்பத்திரண்டாவதாக நான் போட்டேன். அடுத்த கிராம சபையில் பொருளாக எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வருகிற அந்த அம்மா கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் ஒன்பது மணிக்கு ஏரிப்பக்கமாகச் சுற்றி வந்து அவரை அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னேன். "கார் எதுக்கு சார், அந்தப் பாதையில தானே சண்டை, நடந்தே போலாம்" என்றார். வெளியூரிலிருந்து வர முடிகிறவர்கள் வந்தால் நல்லது. மெயின் ரோட்டில் இறங்கிக்கொள்ளுங்கள், பஸ் உள்ளே வராது.